எம்எஸ்சிக்காகத் தோட்டத்தை விற்க வேண்டாம்

அய்யா, வணக்கம்.

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் வேலை, ஸ்கில்டு வொர்க்கர் விசாவும் வந்துவிட்டது. மகளும் நான்கு வயதுப் பேரனும் டிபெண்டென்ட் விசாவில், அதாவது அவரைச் சார்ந்தவர்களுக்கான விசாவில், கிளம்புகிறார்கள். மகள் பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு எட்டு வருடமாகத் திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். மாப்பிள்ளையின் அக்காள் வீட்டுக்காரர் அங்கே ஸ்லவ் என்ற ஊரில் இருந்துகொண்டு, 'நம்ம ஊர் பி.எட்.டை இங்கே யாரும் சீண்டமாட்டார்கள், டேட்டா சயின்ஸ் எம்எஸ்சி சேர்த்துவிடுங்கள்' என்கிறார். நீங்கள் தொட்டியத்து வாழைத் தோட்டத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதினால் உங்களுக்கு இரண்டு நாள் தூக்கம் வரும். அதற்குள் தோட்டம் கைமாறிவிடும். அதனால் நேராகச் சொல்கிறேன்: தோட்டத்தை விற்காதீர்கள். அந்த எம்எஸ்சி உங்கள் மகளுக்கு வேண்டாம்.

முதலில் பணம். டிபெண்டென்ட் விசாவில் இருப்பவர் அங்கே படிக்கலாம், தடையில்லை. ஆனால் உள்ளூர் மாணவருக்கான கட்டணம் அவருக்குக் கிடையாது; நிரந்தரமாகத் தங்கும் உரிமை வரும்வரை வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். பல பல்கலைக்கழகங்களில் அது ஓராண்டு எம்எஸ்சிக்கு 20,000 பவுண்டைத் தாண்டும். நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். அரசின் மாணவர் கடனும் கிடைக்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அது தனி. ஒரு வருடம் கழித்து, கணினித் துறையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காத 31 வயதுப் பெண், அங்கேயே படித்து வளர்ந்த 22 வயதுப் பிள்ளைகளோடு முதல் வேலைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று ஸ்லவ்காரரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னது வேலை கிடைக்கும் என்பதால் அல்ல, கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்பதால்.

இரண்டாவது, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மகள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. நான் அவரிடம் போனில் பேசினேன். டேட்டா சயின்ஸ் பற்றிக் கேட்டபோது 'சேரச் சொன்னால் சேருகிறேன் சார்' என்றார். பத்தாம் வகுப்பு முக்கோணவியலைப் பற்றிக் கேட்டேன். பையன்கள் எந்த இடத்தில் சைனையும் காஸையும் மாற்றிப் போடுவார்கள், அதற்கு அவர் பலகையில் என்ன வரைவார் என்று கால் மணி நேரம் விடாமல் பேசினார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சரி, வழி என்ன? வீட்டிலிருந்தே டியூஷன், சூப்பர் மார்க்கெட் வேலை, பிஜிசிஇ என்ற அங்குள்ள முழுநேர ஆசிரியர் பயிற்சிப் படிப்பு, இதெல்லாம் யூடியூபில் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடக்கிறது. அவற்றை விடுகிறேன். நான் சொல்ல வந்தது சப்ளை டீச்சர் வேலை. நிரந்தர ஆசிரியர் காய்ச்சலில் படுத்தாலோ, பயிற்சிக்குப் போனாலோ, பிரசவ விடுப்பில் இருந்தாலோ அந்த இடத்துக்கு நாள் கணக்கில் போய்ப் பாடம் எடுப்பது. இங்கிலாந்தில் இது பெரிய ஏற்பாடு. பெரும்பாலும் ஏஜென்சிகள் மூலம் நடக்கிறது.

'நம்ம ஊர் பி.எட்.டை மதிக்கமாட்டார்கள்' என்பது பழைய கதை. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், இங்கிலாந்தின் தகுதி பெற்ற ஆசிரியர் அந்தஸ்துக்கு, அதாவது க்யூடிஎஸ்ஸுக்கு, நேரடியாக விண்ணப்பிக்கலாம். எல்லோரும் அல்ல. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல் அல்லது ஐரோப்பிய மொழி போன்ற சில மொழிகள் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும். ஆங்கில ஆசிரியருக்கு இந்தக் கதவு திறக்காது. கணக்கு டீச்சருக்குத் திறக்கும். பட்டம் வேண்டும், ஆசிரியர் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பிறகு குறைந்தது ஒரு பள்ளி ஆண்டு பாடம் எடுத்திருக்க வேண்டும். உங்கள் மகளிடம் மூன்றும் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம்? ஒரு பைசா கிடையாது. இங்கிலாந்து அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். நடுவில் ஒரு கன்சல்டன்ட் தேவையே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'இன்டர்நேஷனல் பிஜிசிஇ' என்று ஒரு ஆன்லைன் படிப்பை விற்க உங்களுக்குப் போன் வரும். அதை மட்டும் முடித்தால் க்யூடிஎஸ் வராது. பெயரைப் பார்த்து ஏமாந்து பணம் கட்டியவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள்.

க்யூடிஎஸ் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர் க்யூடிஎஸ் இல்லாமலே நான்கு ஆண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கலாம். சம்பளம் மட்டும் குறையும். எவ்வளவு குறையும் என்று பார்ப்போம். அங்கே ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தை 195 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வரும். 2024-25 கல்வியாண்டில் லண்டனுக்கு வெளியே, தகுதி பெற்ற ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் 31,650 பவுண்டு; நாளுக்கு 162 சொச்சம். தகுதி பெறாதவருக்கு ஆரம்பம் 21,731, நாளுக்கு 111. அந்த 50 பவுண்டு வித்தியாசத்துக்காகவே க்யூடிஎஸ் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடக் கூடாது.

ஆனால் ஏஜென்சி முதல் நாளே 162 தராது. பேரம் பேச வேண்டும். ஒரே பள்ளியில் ஒரே வேலையை 12 வாரம் தொடர்ந்து செய்தால், பள்ளி நேரடியாக நியமித்திருந்தால் என்ன கொடுத்திருக்குமோ அதைக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பதினோராவது வாரத்தில் 'வேறு பள்ளிக்குப் போங்களேன்' என்று பேச்சு வந்தால் ஏன் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பள்ளம் அம்ப்ரெல்லா கம்பெனி. ஏஜென்சி தானே சம்பளம் போடாமல், இடையில் ஒரு கம்பெனி வழியாகப் போடும். நாளுக்கு 150 என்று சொல்வார்கள். அதிலிருந்து முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகையையும் கம்பெனியின் கமிஷனையும் கழித்துவிட்டு மீதிதான் சம்பளம். இடையில் கம்பெனி இல்லாமல், வரியைப் பிடித்துக்கொண்டு நேரடியாகச் சம்பளம் போடும் பிஏஒய்இ முறையில் 130 தருகிறேன் என்பவர் கையில் அதிகம் தரக்கூடும். கையெழுத்துப் போடுமுன் 'கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்' என்ற தாளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சம்பளம், பிடித்தம், கையில் வருவது எல்லாம் உதாரணக் கணக்கோடு அதில் இருக்கும். 2020 ஏப்ரலிலிருந்து அதைக் கொடுப்பது கட்டாயம். விடுமுறைப் பணம் அந்த நாள் சம்பளத்துக்குள் அடக்கமா, தனியா என்பதையும் கேட்க வேண்டும். வேலை தேடிக் கொடுக்க ஆசிரியரிடம் ஏஜென்சி பணம் வாங்குவது அங்கே சட்டப்படி குற்றம். பதிவுக் கட்டணம் என்று எவன் கேட்டாலும் போனை வைத்துவிடலாம்.

டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சான்று அவசியம். அது வந்த 30 நாளுக்குள் அதன் அப்டேட் சர்வீஸில் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் ஒரே சான்றை வைத்து எத்தனை ஏஜென்சியில் வேண்டுமானாலும் பதியலாம். விட்டுவிட்டால் ஒவ்வொருவருக்கும் புதிதாக எடுக்க வேண்டிவரும். இந்தியாவில் இருந்த காலத்துக்கு பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் பிசிசி என்ற காவல்துறைச் சான்று. வேலை செய்யும் உரிமையைக் காட்ட, இவிசா என்ற ஆன்லைன் விசாக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஷேர் கோடு என்ற குறியீடு.

அந்த வேலை நாள் எப்படி இருக்கும் என்று மகள் கேட்டார், உங்களுக்கும் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குப் போன் வரும்: இந்தப் பள்ளி, இந்த போஸ்ட்கோடு, எட்டே காலுக்குள் இருக்க முடியுமா? முடியாது என்றும் சொல்லலாம், அதுதான் இந்த வேலையின் சௌகரியம். வரவேற்பில் அடையாளம் காட்டி, கழுத்தில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டால், வராத ஆசிரியர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யும் கவர் மேனேஜர் ஒரு ஃபோல்டர் தருவார். பள்ளியின் வரைபடம், அன்றைய பீரியடுகள், ஒவ்வொரு வகுப்புக்கும் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற தாள், வராத ஆசிரியர் விட்டுப்போன வேலை, அவசரத்துக்கு அழைக்க ஒரு எண். முதல் வேலை வருகைப் பதிவு. அதை ஒவ்வொரு பீரியடிலும் எடுக்க வேண்டும். இரண்டாவது வேலை அந்த இருக்கைத் தாளைப் பார்த்து இரண்டு மூன்று பேரையாவது பெயர் சொல்லி அழைப்பது. புதுசாக வந்த டீச்சருக்கு நம் பெயர் தெரிகிறது என்றதும் வகுப்பில் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

மீதிப் பாதி அடங்காது. இதை மறைக்க மாட்டேன். நம் ஊரில் டீச்சர் உள்ளே வந்ததும் எழுந்து நிற்கும் பிள்ளைகளோடு பழகியவருக்கு, ஒன்பதாம் வகுப்பு கடைசி பீரியட் முதல் மாதம் கண்ணீர் வரவைக்கும். அங்கே குரலை உயர்த்துவது வேலைக்கு ஆகாது, கை ஓங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளிக்கென்று ஒரு நடத்தை விதி இருக்கும். முதல் எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை, அப்புறம் அந்த அவசர எண். அந்த வரிசையை மாற்றாமல், முகத்தை மாற்றாமல் செய்ய வேண்டும். இதற்காகத்தான் போன உடனே ஏஜென்சிக்கு ஓடாமல், பக்கத்துப் பள்ளியில் சில நாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கச் சொல்கிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தொண்டு செய்தாலும் நல்லது. அங்குள்ள ஒருவரின் பரிந்துரை கிடைக்கும், ஏஜென்சி அதைத்தான் தேடும்.

ஏஜென்சி முதலில் டீச்சிங் அசிஸ்டென்ட் (ஆசிரியருக்கு உதவியாளர்) அல்லது கவர் சூப்பர்வைசர் (பாடம் எடுக்காமல் வகுப்பைப் பார்த்துக்கொள்பவர்) வேலைக்கு அனுப்பப் பார்க்கும். சம்பளம் குறைவு. பழகிக்கொள்ள ஒரு பருவம் போகட்டும். அதற்கு மேல் அங்கேயே நிற்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், மகளிடமும் சொல்லிவிட்டேன்.

வருமானம் எவ்வளவு என்று கேட்பீர்கள். வாரம் மூன்று நாள், ஆண்டில் 30 வாரம், நாளுக்கு 120 பவுண்டு என்று வைத்தால் 10,800. அங்கே 12,570 வரை வருமான வரி இல்லை. ஆகஸ்டில் வேலையே இருக்காது, செப்டம்பர் மந்தம். நவம்பரிலிருந்து குளிர்கால ஜுரத்தில் ஆசிரியர்கள் விழ விழ போன் அடிக்கும். பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால், அவனுக்கு லீவு என்றால் அம்மாவுக்கும் லீவு. இந்த வசதியை எந்த ஐடி கம்பெனியும் தராது.

நிரந்தர வேலை இதிலிருந்துதான் வரும். கோடை முடிவில் விலகும் ஆசிரியர்கள் மே 31-க்குள் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் காலியிடங்கள் கொட்டும். ஏற்கெனவே வந்துபோன கணக்கு டீச்சரைப் பள்ளிக்குத் தெரியும். ஏஜென்சியிலிருந்து எடுத்துக்கொள்ளப் பள்ளி கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். அது பள்ளியின் பாடு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது விமானத்துக்கு முன்னால். மகளின் அசல் சான்றிதழ்களைப் பள்ளி வாங்கி வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நம் தனியார் பள்ளிகளின் இந்தக் கெட்ட பழக்கம் உங்களுக்கே தெரியும். ராஜினாமா கொடுக்குமுன் நீங்களே நேரில் போய் அவற்றை வாங்குங்கள். அப்புறம் பணி அனுபவக் கடிதம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த பாடம், எந்தெந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் பள்ளியின் தாளில், முத்திரையோடு. இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சலில் சரிபார்ப்பார்கள். பள்ளியின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியையும், அதைத் திறந்து பதில் போடக்கூடிய ஒருவரின் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறிவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்து இரண்டாவது பெயரும் கேளுங்கள். பி.எஸ்சி., பி.எட். இரண்டும் ஆங்கில வழியில் படித்ததற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சான்று. ஆசிரியராகப் பணிபுரியத் தகுதி உண்டு, தடை ஏதுமில்லை என்று சொல்லும் கடிதம். இதற்குத்தான் அலைய வேண்டியிருக்கும், அதனால் இதை முதலில் தொடங்குங்கள்.

ஸ்லவ்காரரிடம் யார் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை பேசட்டும். நீங்கள் பேசினால் அது சம்பந்தி விவகாரம் ஆகிவிடும். தோட்டத்துக்கு முன்பணம் எதுவும் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.