நீல டிக் வந்தாச்சு, பதில் எங்கே?

கேள்வி: என் மகளுக்கு வயது 16. தோழிகள் குழுவில் இவள் ஏதாவது போட்டு, எல்லாரும் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. போனை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: வாங்கி வைத்தால் பதில் வந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இன்னும் தவிப்பாள். அவள் செய்வதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தான் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து, 'இன்ஃபோ'வைத் திறந்து, யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று பார்ப்பாள், பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதையே பார்ப்பாள். 9:42க்குப் படித்தவள் 10:15 வரை வாயே திறக்கவில்லை, அப்படியானால் கோபம்தான். நேரில் பேசினால் எதிரில் இருப்பவள் கொட்டாவி விடுவது தெரியும், முகம் சுளிப்பதும் தெரியும். இங்கே முகத்துக்குப் பதிலாக ஒரு நேரம் மட்டும் இருக்கிறது. மிச்சத்தை இவளே இட்டு நிரப்புகிறாள், அதுவும் ராத்திரியில். ராத்திரியில் யாருக்கு நல்லதாகத் தோன்றியிருக்கிறது?

நீல டிக்கை வாட்ஸ்அப் 2014 நவம்பரில் கொண்டுவந்தது. வந்ததுமே ஏகப்பட்ட புலம்பல், அதை அணைக்கும் வசதியும் பின்னாலேயே வந்தது. ஆனால் தனி உரையாடலுக்கு மட்டும்தான், குழுவில் அணைக்க முடியாது. அந்த டிக் சொல்வதும் ரொம்பக் கொஞ்சம்: செய்தி திரையில் திறந்தது, அவ்வளவுதான். நின்றுகொண்டே ஒரு கண்ணால் பார்த்தாளா, கணினியில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாளா, அதெல்லாம் அதற்குத் தெரியாது. நானே ஒருமுறை படித்ததும் மனதுக்குள் பதில் சொல்லி முடித்துவிட்டு, அனுப்பிவிட்டதாக இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அதைப் பார்க்காதே" என்று சொல்லாதீர்கள், நடக்காது. "நீ படித்துவிட்டுப் பதில் போடாமல் விட்டது கடைசியாக எப்போது, ஏன்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் காரணத்தில் பெரும்பாலும் கோபம் இருக்காது.

கேள்வி: மகனுக்கு 'சரி.' என்று அனுப்பினால், "ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?" என்கிறான். நான் கோபமாகவே இல்லையே!

பதில்: முற்றுப்புள்ளிதான் வினை. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒற்றைச் சொல் குறுஞ்செய்தியின் கடைசியில் புள்ளி வைத்தால் மனப்பூர்வமாகச் சொன்னதுபோல் இல்லை என்று மாணவர்கள் கருதினார்கள். கையால் எழுதிய துண்டுச் சீட்டில் அதே புள்ளி அப்படித் தோன்றவில்லை. 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாலே பேச்சு முடிந்ததாகிவிடுகிறதே, அதற்கு மேல் வைக்கும் புள்ளிக்கு வேறு அர்த்தம் தேடத்தானே செய்வார்கள். நமக்கு இலக்கணம், அவனுக்கு முகபாவம்.

கேள்வி: கல்லூரிக் குழு வேலையை கூகுள் டாக்ஸில் ஐந்து பேர் சேர்ந்து எழுதுகிறோம். நான் எழுதிய இரண்டு பத்தியை ஒருவன் அழித்துவிட்டான். எதுவுமே எழுதாத இன்னொருவன் பெயர் முதலில் இருக்கிறது. குழுவில் திட்டலாமா?

பதில்: முதலில் பத்தியை மீட்டுவிடுங்கள். திருத்த உரிமை உள்ள எல்லாருக்கும் ஆவணத்தின் பதிப்பு வரலாறு தெரியும். யார் எப்போது எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும். அந்த 'எதுவுமே எழுதாத' ஆளையும் அங்கேயே பார்க்கலாம், ஒருவேளை ராத்திரி 2 மணிக்கு மேற்கோள்களைச் சரிபார்த்திருப்பான்.

அழித்தது யார் என்று வரலாறு சொல்லும், ஏன் அழித்தான் என்று சொல்லாது. அதை அவனிடம்தான் கேட்க வேண்டும், தனியாக. ஐந்து பேர் பார்க்கும் குழுவில் கேட்டால் அவன் உங்களுக்கா பதில் சொல்வான், மற்ற மூன்று பேருக்காகத்தான் பேசுவான். விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது; முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதும் அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கத்தோடு பேச்சுப் பக்கமும் இருப்பது சும்மா இல்லை. இனிமேல் நேரடியாக அழிக்காமல் பரிந்துரையாகப் போடும் முறைக்கு எல்லாரும் மாறிவிடுங்கள். அழித்தது அடிக்கப்பட்ட கோட்டோடு அங்கேயே நிற்கும், பக்கத்தில் காரணத்தையும் எழுதலாம். பெயர் வரிசையை மட்டும் முதல் நாளே பேசியிருக்க வேண்டும், இப்போது கசக்கத்தான் செய்யும்.

கேள்வி: 11 வயதுப் பையன், பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு இன்ஸ்டாகிராம் கணக்கு கேட்கிறான். 13 என்பது வெறும் சம்பிரதாயம்தானே?

பதில்: அந்த 13, பக்குவத்தை அளந்து வைத்த எண் இல்லை என்பது உண்மை. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் வந்தது, பல நிறுவனங்கள் அதையே வாசலாக வைத்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 என்று வைத்திருக்கிறது. ஆனால் பொய் வருடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 18 தாண்டியவன் என்று போட்டால், பதின்வயதினருக்கான பாதுகாப்பு அமைப்புகள் அவனுக்கு வராது, தெரியாதவர்கள் செய்தி அனுப்புவதும் சுலபமாகிவிடும். இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்லுங்கள். அதுவரை நண்பர்களோடு பேச வேண்டுமென்றால் உங்கள் போனில் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.