நான்கு பல்லைப் பிடுங்கச் சொன்னது கணினியா, வைத்தியரா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. முன்பற்கள் சற்று மிதப்பு. மட்டக்களப்பில் ஓரிடத்தில் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துக் கணினியில் போட்டார்கள். நான்கு பற்களைப் பிடுங்கிக் கம்பி போடவேண்டும் என்று அறிக்கை வந்தது. "இலட்சம் படத்தில் படித்த இயந்திரம்" என்றார்கள். ஆனால் அந்தச் செயற்கை நுண்ணறிவைப் பெரும்பாலும் செயற்கைப் படங்களை வைத்தே பழக்கினார்களாம். நம்பலாமா? (ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

பதில்: படம் செயற்கை என்பதற்காகப் பயப்படவேண்டாம். பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களை நினைத்தபடி பகிரமுடியாது. ஆகவே இருக்கிற சிலவற்றைப் பார்த்துக் கணினியே புதியவற்றை வரைகிறது. யாருடைய முகங்களைப் பார்த்து வரைந்தது என்று கேளுங்கள். மூலத்தில் நம் பக்கத்துப் பிள்ளை ஒன்றும் இல்லையென்றால், இலட்சம் படம் வரைந்தாலும் அவற்றில் நம் பிள்ளையின் சாயல் இருக்காது. தாடைக் கோணங்களுக்கான பழைய அளவுகோல்கள் பல, 1950களில் வெள்ளை அமெரிக்கர்களை அளந்து வைத்தவை. நம்மில் பலருக்கு இயல்பான உதடு அந்தக் கோலுக்கு மிதப்பாகத் தெரியும். அந்தக் கோலை வைத்து அளக்கும் கணினி உடனே பல்லைப் பிடுங்கச் சொல்லும்.

அண்ணப் பிளவோடு (மேல்வாய் பிளந்து) பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. உங்கள் மகளுக்கு அது இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. அவர்களுடைய படங்கள் மிகக் குறைவு என்பதால்தான் செயற்கைப் படம் அங்கே அதிகம் தேவைப்படுகிறது. குறைவு என்பதால்தான் அது அங்கே அதிகம் தவறவும் கூடும். மேல்தாடையின் முன்புறம் சிதைந்திருக்கும் இடத்தில் சாதாரணத் தாடையை நினைத்துக்கொண்டு கணினி அளவெடுக்கும் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துவிடலாம். குழந்தையிலேயே சத்திரசிகிச்சை செய்து தழும்பு மங்கியிருந்தாலும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

"இலட்சம் படத்தில் படித்த இயந்திரம்" என்று உங்களிடம் சொன்னவர் யார்? வைத்தியரா, கம்பிக்கு ஆள் பிடிக்கும் முகவரா? முகவருக்குக் கொமிஷன் வரும், பிடுங்கிய பல் திரும்ப வராது. அறிக்கையின் அடியில் கையொப்பமும் இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினிக்குப் பதிவிலக்கம் கிடையாது.

அரச வைத்தியசாலையில் திகதி கிடைப்பதற்குள் பிள்ளைக்குக் கல்யாணமே முடிந்துவிடும் என்பீர்கள். எனக்கும் அதில் கடும் எரிச்சல்தான். நிபுணர்களில் பலரைக் கொழும்பைச் சுற்றியே குவித்துவைத்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் அந்த எரிச்சலில்தான் முகவர் பிழைக்கிறார். மிதப்புக்காகப் பல் பிடுங்குவதை நாளைக்கே செய்யவேண்டியதில்லை. கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் மட்டும் வளரும் வயது கடக்குமுன் பார்த்துவிடவேண்டும்.

எக்ஸ்ரேயின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், வெறும் அறிக்கைத் தாள் போதாது. காசு கொடுத்தது நீங்கள். அதோடு பற்சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் பிள்ளையை நேரில் காட்டுங்கள். அவர் வாயைத் திறந்து பார்த்து, பல் அச்சு எடுத்து, பற்கள் வரிசையாக நிற்க எத்தனை மில்லிமீற்றர் இடம் போதவில்லை என்று சொல்லட்டும். அதுவரை ஒரு பல்லையும் தொடவிடாதீர்கள்.