கன்வெர்ட்டிபிள் வாங்கணுமா? பானெட்ட மூடுங்க, கீழ படுத்து பாருங்க

பழைய அமெரிக்க கார் பத்தி வாசகர்கள் அனுப்பின கேள்விகள். இந்த தடவை வந்ததெல்லாம் டாப் திறக்கிற வண்டிதான்.

கேள்வி: அண்ணா, நான் ஒஹையோல இருக்கேன். 1966 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் ஒன்னு பாத்தேன், 289 வி8 இஞ்சின், சிவப்பு, பெயின்ட் அவ்ளோ பளபளன்னு இருக்கு. 28,000 டாலர் சொல்றாரு. இஞ்சின ஸ்டார்ட் பண்ணி காட்டினாரு, சத்தமே தனி. வாங்கலாமா? வேற என்ன பாக்கணும்?

தம்பி, விக்கிறவரு மொதல்ல இஞ்சின ஏன் காட்டுறாருன்னு யோசிச்சீங்களா? அந்த சத்தத்த கேட்டா மனசு அங்கயே விழுந்துரும், அப்புறம் யாரு குனிஞ்சு அடிப்பக்கம் பாக்கப் போறா. 289 இஞ்சின் ரிப்பேர்னா எனக்கு கவலையே இல்ல, பார்ட்ஸ் தாராளமா கெடைக்குது, நல்ல மெஷின் ஷாப்ல குடுத்தா புதுசு மாதிரி ஆக்கி குடுத்துருவாங்க. பாடிதான் விஷயம்.

மஸ்டாங்குக்கு தனியா சேஸி கெடையாது, பாடியே சேஸி. மேல கூரைய எடுத்துட்டா அது மூடி எடுத்த அட்டப்பெட்டிதான், முறுக்கும். அதுக்காக ஃபோர்டுகாரன் கன்வெர்ட்டிபிளுக்கு கதவுக்கு கீழ இருக்கிற ராக்கர்ல உள்பக்கம் கனமான தகடு வச்சான், முறுக்கத் தாங்க டார்க் பாக்ஸ்னு (torque box) இரும்புப் பெட்டி வச்சான், சீட்டுக்கு அடில எக்ஸ்ட்ரா தகடு குடுத்தான். நல்ல வேலைதான், ஆனா இதெல்லாமே தண்ணி உள்ள போனா வெளிய வராத பெட்டிங்க. உங்க ஊர்ல பனிக்கு ரோட்ல உப்பு கொட்டுவாங்க, அந்த உப்புத்தண்ணி அம்பது வருஷமா உள்ள உக்காந்திருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. மேல பெயின்ட் புதுசு, உள்ள தகடு அப்பளம்னு எத்தனையோ வண்டி இருக்கு.

அதனால ஒரு டார்ச், துணி சுத்தின ஒரு சின்ன காந்தம், கீழ விரிக்க ஒரு பழைய பாய், இது மூணும் எடுத்துட்டு போங்க. காந்தத்த ராக்கர், ஃபெண்டரோட அடிப்பாகம், பின் சக்கரத்த சுத்தி வச்சு வச்சு பாருங்க, ஒட்டலன்னா அங்க இரும்பு இல்ல, பட்டி இருக்கு. அப்புறம் கீழ படுங்க. டார்க் பாக்ஸ், ஃப்ளோர், பின்னாடி லீஃப் ஸ்ப்ரிங் மாட்டியிருக்கிற இடம், எல்லாத்துலயும் டார்ச் அடிங்க. அடிப்பக்கம் முழுக்க புதுசா கறுப்பா தாறுமாறா அண்டர்கோட்டிங் அடிச்சிருந்தா நான் சந்தேகப்படுவேன், ஒழுங்கா வேலை செஞ்சவன் தன் வெல்டிங்க காட்டத்தான் பாப்பான், மறைக்க மாட்டான். "முழுசா ரெஸ்டோர் பண்ணது"ன்னு சொன்னா வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ கேளுங்க.

அடுத்து கதவு. டாப்ப எறக்கிட்டு ரெண்டு கதவையும் தொறந்து மூடுங்க. கதவோட பின்பக்க இடைவெளி மேல ஒடுக்கமாவும் கீழ அகலமாவும் இருந்தா வண்டி நடுவுல தொய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஓனர்ட்ட கேட்டுட்டு, ஒரு பின் மூலைய மட்டும் ஜாக் போட்டு தூக்கி கதவ மறுபடி தொறந்து பாருங்க, நல்ல வண்டில லேசா வித்தியாசம் தெரியும், அவ்ளோதான். கதவு சிக்கிக்கிட்டா நன்றி சொல்லிட்டு கெளம்பிருங்க, விலை கொறைச்சாலும் வேணாம்.

கடைசியா ஒரு பாட்டில் தண்ணி. கண்ணாடிக்கு முன்னாடி, வைப்பர் பக்கத்துல காத்து போற சல்லடை இருக்கும்ல, அதுதான் கௌல். ஒரு பக்கம் மெதுவா ஊத்திட்டு டேஷுக்கு அடில கைய விட்டு பாருங்க, ஈரம் தட்டுதான்னு, அப்புறம் அடுத்த பக்கம். அந்த கால மஸ்டாங்குல இது ரொம்ப சாதாரண வியாதி. சின்ன ஓட்டைதானேன்னு நெனைக்காதீங்க, அத சரி பண்ண மேல் தகட்டோட ஸ்பாட் வெல்ட ஒன்னொன்னா துளை போட்டு கழட்டணும், கூலியே ஆயிரக்கணக்குல போயிரும்.

இது எல்லாத்துலயும் தேறிச்சுன்னா அப்புறம் இஞ்சின் சத்தத்த ரசிங்க, விலை பேசுங்க.

கேள்வி: நான் பாத்த 1965 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள்ல வின் நம்பர் (வண்டிக்கு ஃபேக்டரி குடுக்கிற அடையாள எண்) 5ஆர்07சி-ன்னு ஆரம்பிக்குது. 08 இருக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. கேட்டா "டைட்டில்ல (வண்டியோட உரிமைப் பத்திரத்துல) டைப்பிங் மிஸ்டேக்"ங்கிறாரு. உண்மையா இருக்குமா?

டைட்டில்ல தப்பா அடிச்சிருக்கலாம், பாடித் தகட்டுல ஃபேக்டரி குத்தினது தப்பா இருக்காது. மொதல் 5 வந்து 1965. ஆர்னா கலிஃபோர்னியா சான் ஹோசே ஃபேக்டரி, எஃப்னா டியர்பார்ன், டி-ன்னா மெட்டச்சென். அடுத்த ரெண்டு எண்தான் பாடி: 07 ஹார்ட்டாப் (கழட்ட முடியாத இரும்புக் கூரை), 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னாடி சரிஞ்சு எறங்குறது). கடைசி எழுத்து இஞ்சின், சி-ன்னா ரெண்டு பேரல் கார்புரேட்டர் வச்ச 289.

டிரைவர் பக்கம் பானெட்ட தொறந்தா ஃபெண்டர் ஓரத்துல உள் தகட்டுல நம்பர் குத்தியிருக்கும், அத பாருங்க. கதவுல இருக்கிற தகட்ட மட்டும் நம்பாதீங்க, கன்வெர்ட்டிபிள்னா அதுல 76ஏ, 76பி மாதிரி வரணும்தான், ஆனா அந்த தகடு புதுசா அடிச்சே விக்கிறாங்க. குத்தின நம்பர்லயும் 07 இருந்தா யாரோ ஹார்ட்டாப்போட கூரைய அறுத்திருக்காங்க, இல்லன்னா வேற வண்டியோட தகட்ட வெட்டி ஒட்டியிருக்காங்க. மொதல் கேஸ்ல மேல சொன்ன கனமான ராக்கர் தகடு உள்ள இருக்குமான்னே தெரியாது, ரெண்டாவது போலீஸ் கேஸ். ரெண்டுமே உங்களுக்கு வேணாம்.

இன்னொன்னு, 17 இலக்க வின் 1981 மாடல்லருந்துதான், அதனால கார்ஃபேக்ஸ் ரிப்போர்ட்ட வச்சு இந்த வண்டிங்க ஜாதகம் பாக்க முடியாது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டியா இருந்தா 67ங்கிற எண்ண தேடுங்க, 1965 இம்பாலா வி8 கன்வெர்ட்டிபிள்னா 16467ன்னு தொடங்கும். 1964, 65 பான்டியாக் ஜிடிஓ கொஞ்சம் தகராறு, அப்ப அது லெமான்ஸ் மாடல்ல ஒரு ஆப்ஷன்தான், வின்ன பாத்தா ஜிடிஓவான்னு தெரியாது, பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்ல பேப்பர் வாங்கினாத்தான் தெரியும். ஃபோர்டுல 1967லருந்து, கம்பெனியோட பழைய தயாரிப்புப் பதிவ வச்சு குடுக்கிற மார்டி ரிப்போர்ட் கெடைக்கும், உங்க 65க்கு கெடைக்காது.

கேள்வி: 1976 காடிலாக் எல்டராடோ கன்வெர்ட்டிபிள், 22,000 மைல்தான் ஓடியிருக்காம். "இதுதான் கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள், விலை ஏறிக்கிட்டே போகும், இன்வெஸ்ட்மென்ட்டா வாங்குங்க"ங்கிறாரு.

அந்த டயலாக் 1976லயே காடிலாக் சொன்னதுதான். அத நம்பி அப்பவே ஜனங்க வாங்கி கவர் போட்டு கராஜ்ல பூட்டி வச்சாங்க. அந்த வருஷம் செஞ்சது 14,000 வண்டி, அதுல நெறைய பத்திரமா இருக்கு, அப்புறம் எங்கருந்து அபூர்வம் வரும்? கடைசியா வந்த 200 வெள்ளை வண்டிக்கு மட்டும் தனி மவுசு. அதுவும் இல்லாம 1982ல கிரைஸ்லர் லெபாரன் கன்வெர்ட்டிபிள் எறக்கினான், 1984ல காடிலாக்கே எல்டராடோல திரும்ப கொண்டு வந்துட்டான், 76ல வாங்கினவங்க கடுப்பாகி கோர்ட்டுக்கு போனாங்க. காசு பண்ணணும்னா வேற வழி பாருங்க, எட்டு லிட்டருக்கு மேல இஞ்சின் போட்டு கப்பல் மாதிரி போற வண்டிய ஞாயித்துக்கெழம ஓட்டணும்னு ஆசையா, தாராளமா வாங்குங்க.

22,000ங்கிறத அப்டியே எடுத்துக்காதீங்க. ஓடோமீட்டர்ல அஞ்சு எண்தான், ஒரு லட்சம் தாண்டினா சைபர்லருந்து ஆரம்பிக்கும், இவ்ளோ பழைய வண்டிக்கு மைலேஜ் எழுதிக் குடுக்கணும்னு ஃபெடரல் சட்டமும் கட்டாயப்படுத்தாது. பழைய சர்வீஸ் பில் கேளுங்க, பிரேக் பெடல் ரப்பர் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. உண்மையிலயே கம்மியா ஓடியிருந்தா அதுலயும் செலவு இருக்கு, நின்னே கெடந்த வண்டில டேங்க்ல பெட்ரோல் பிசினாயிருக்கும், பிரேக் ஹோஸ் காய்ஞ்சிருக்கும். பம்பருக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் துண்ட விரலால தொடுங்க, அந்த கால காடிலாக்ல அது பிஸ்கட்டா உதிரும். டாப்ப ஒரு தடவையாவது ஏத்தி எறக்க சொல்லுங்க, இதுல உள்பக்கமா மடங்கிற சிசர் டாப், ரெண்டு பக்கமும் சேந்தாப்ல மடங்கணும், ஒன்னு பின்தங்கினா ஃப்ரேம் வளைஞ்சிரும்.

கேள்வி: டாப் பட்டன் அழுத்தினா பாதில நிக்குது. "ஃபியூஸ்தான்"ங்கிறாரு. (1967 வண்டி)

ஃபியூஸ் போனா பாதி வரைக்கும் எப்டி வந்துச்சாம்? ஹைட்ராலிக் பம்ப் பெரும்பாலும் பின் சீட்டுக்கு பின்னாடி இருக்கும். மோட்டார் உறுமுது, டாப் நகரலன்னா ஆயில் கம்மி, எங்கயோ ஒழுகுது, பின் சீட்டு ரெண்டு ஓரத்துலயும் சிலிண்டர் பக்கம் ஈரமான்னு பாருங்க. சத்தமே இல்லன்னாத்தான் வயரிங். துணி கிழிஞ்சிருந்தா கவலப்படாதீங்க, மாத்திக்கலாம். இரும்பு ஃப்ரேம் வளைஞ்சிருந்தாத்தான் தலைவலி.

கேள்வி: 1968 கமாரோ கன்வெர்ட்டிபிள் ஓட்டிப் பாத்தேன், ரோட்டுக் குழில எறங்கினா ஸ்டியரிங்கெல்லாம் ஆடுது. நார்மலா?

கொஞ்சம் நார்மல்தான். செவர்லேயே அதுக்காக வண்டியோட நாலு மூலைலயும் அதிர்வ அடக்க எடை வச்ச டேம்பர் மாட்டித்தான் குடுத்தான், காக்டெயில் ஷேக்கர்னு சொல்வாங்க. எடை கொறையட்டும்னு யாராவது கழட்டி போட்டிருப்பாங்க, இருக்கான்னு பாருங்க. இருந்தும் ஆடுதுன்னா மொதல் பதில படிச்சிட்டு கீழ படுங்க.

கேள்வி: வீட்டுக்காரர் 1965 கன்வெர்ட்டிபிள் வாங்கியே தீருவேன்னு நிக்கிறாரு. எங்களுக்கு மூணு வயசுலயும் ஆறு வயசுலயும் பசங்க. அவங்கள அதுல கூட்டிட்டு போலாமா அண்ணா?

இல்லம்மா, என் அபிப்பிராயம் வேணாம். அந்த வண்டில இடுப்பு பெல்ட் மட்டும்தான். 1968 தொடக்கத்துலருந்து சாதாரண கார்ல முன் சீட்டுக்கு தோள் பெல்ட் கட்டாயமாச்சு, அப்பகூட கன்வெர்ட்டிபிளுக்கு விலக்கு குடுத்துட்டாங்க. பசங்கள உயரமா உக்கார வைக்கிற பூஸ்டர் சீட்டுக்கு தோள் பெல்ட் இல்லாம முடியாது, அதனால பெரியவனுக்கு பூஸ்டர்ங்கிற பேச்சே இல்ல. சின்னவனோட சீட்ட இடுப்பு பெல்ட்ல கட்டலாம்னு அதோட மேனுவல்ல போட்டிருந்தாலும் மேல் பட்டைய மாட்ட கொக்கி இருக்காது. அவருக்கு ஒன்னு சொல்லுங்க, பொதுவா 1967 மாடலுக்கு முன்னாடி பிரேக்குக்கு ஒரே சர்க்யூட், ஒரு எடத்துல ஒழுகினா நாலு சக்கரத்துலயும் பிரேக் போயிரும். வாங்கினதும் மொத செலவா பிரேக்க ரெண்டு சர்க்யூட்டா பிரிக்கிற டூயல் மாஸ்டர் சிலிண்டர் போட சொல்லுங்க, ஆடியோ சிஸ்டம் அப்புறம்.

கேள்வி: நான் டெக்ஸாஸ், வண்டி ஃப்ளோரிடாவுல. போட்டோ 60 அனுப்பியிருக்காரு, அட்வான்ஸ் கேக்குறாரு.

அறுபதுல அடிப்பக்கம் எத்தனைன்னு எண்ணுங்க. உப்பு ரோடு இல்லாத ஊருன்னு அசராதீங்க, கடல்காத்தும் அதே வேலையத்தான் செய்யும். அந்த ஊர்லயே, விக்கிறவருக்கு சம்பந்தமில்லாத ஒரு இன்ஸ்பெக்டர அனுப்புங்க, சில நூறு டாலர் ஆகும், ராக்கரையும் ஃப்ளோரையும் லிஃப்ட்ல தூக்கி வீடியோ எடுக்க சொல்லுங்க. அவர் போறதுக்கு முன்னாடி இஞ்சின சூடு பண்ணி வச்சிருக்கக் கூடாது, பானெட்ட தொட்டு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும், நீலப்புகை விட்டா ஆயில் எரியுது. டைட்டில் விக்கிறவர் பேர்லயே இருக்கா, கடன் ஏதும் பாக்கியிருக்கான்னு பாக்காம ஒரு டாலர் அனுப்பாதீங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது அக்ரீட் வேல்யூன்னு (வண்டி போனா இவ்ளோன்னு முன்னாடியே பேசி வச்ச தொகை) கேட்டு வாங்குங்க, சாதாரண பாலிசில வண்டி போச்சுன்னா பழைய காருக்கு தேய்மானம் போட்டு எதையோ கையில குடுப்பாங்க.

டயர் சைட்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற கோடு இருக்கும், கடைசி நாலு எண்ண போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. 2309ன்னா 2009ல 23ஆவது வாரம் செஞ்சது. டயர் பட்டன் புதுசா தெரிஞ்சாலும் அவ்ளோ பழைய டயர்ல டெக்ஸாஸ் வரைக்கும் ஓட்டிட்டு வர்ற ஐடியாவ விட்டுட்டு டிரெய்லர்ல ஏத்துங்க.