கேட் வளைவில் ஏற்ற, வருடம் முழுக்கப் பச்சையாக இருந்து பூக்கிற கொடி எது?

வெயில் நன்றாக விழுகிற வாசல் என்றும், பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் ஓட்டு ரங்கூன் மல்லிக்குத்தான். நர்சரியில் ரங்கூன் கிரீப்பர், மதுமாலதி என்று கேட்டாலும் இதையே எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் பராமரிப்பு விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது தண்ணீரும் உரமும் அதிகம் கேட்காது, கத்தரிக்கோல் கேட்கும்.

காகிதப்பூ அழகுதான். வாசனை கிடையாது, போகிற வருகிறவர்கள் சட்டையை முள் பிடித்து இழுக்கும். மனோரஞ்சிதத்தின் மணத்துக்கு ஈடில்லை, ஆனால் வளைவை மூடுகிற வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

ரங்கூன் மல்லி சாயங்காலத்தில் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்து நல்ல சிவப்பாகும். அதனால் ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். இருட்டில் எடுப்பாகத் தெரியும் வெள்ளையும் அந்த நேரத்து மணமும் நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளுக்காக. ஏழு மணிக்கு மேல் கொடியடியில் நின்று பாருங்கள், சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். சிவந்த பூவுக்குப் பகலில் தேனீயும் தேன்சிட்டும் வரும். அடுக்குப்பூ ரகமும் கிடைக்கிறது. எனக்கென்னவோ நீளக் குழாயோடு தொங்கும் ஒற்றைதான் பிடிக்கும்.

சரி, கத்தரிக்கு வருவோம். பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும். வெட்டாமல் விட்டால் கீழே குச்சியாகி, பூவெல்லாம் மொட்டை மாடி உயரத்துக்குப் போய்விடும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் நன்றாகக் குறைத்து வெட்டுங்கள், கோடையில் குலுங்கும். வெட்டும்போது கையுறை அவசியம். இலை உதிர்ந்தாலும் காம்பின் அடி மட்டும் கெட்டிப்பட்டு முள்ளாக நின்றுவிடும். அந்தக் கொக்கியை வைத்துத்தான் கொடி ஏறுகிறது.

யூரியா பக்கமே போகாதீர்கள், இலைதான் மண்டும். மட்கின சாணம் போதும். கோடையில் காயவிட்டால் கொஞ்சம் இலை கொட்டும், தண்ணீர் காட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். மாவுப்பூச்சி தெரிந்தால் ஹோஸ் பைப்பால் பீய்ச்சி அடியுங்கள். வேரிலிருந்து பக்கக்கன்று வந்துகொண்டே இருக்கும். வேண்டாததைப் பிடுங்குங்கள், அல்லது கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்.

வளைவு மட்டும் மூங்கிலில் வேண்டாம். இந்தக் கொடி 25 அடி தாராளமாகப் போகும், முற்றினால் கனமும் அதிகம். ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வளைத்து, அதன் கால்களைக் கான்கிரீட்டில் ஊன்றச் சொல்லுங்கள். கேட்டுக்கு மேலே கரண்ட் கம்பி போகிறதென்றால் அந்தப் பக்கம் வைக்காமல் சுவரின் மறுகோடியில் வையுங்கள்.