களனி கங்கையும் பைதனும்: கணிப்பு, தரவு அறிவியல் பட்டம் பற்றிய கேள்வி பதில்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கொழும்புத் தமிழ் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றில், கணிப்பு அறிவியலையும் தரவு அறிவியலையும் இளமாணி மட்டத்தில் படிப்பது பற்றிய சில கேள்விகள்.

வெள்ளவத்தை மாணவி: அக்கா, கணிப்பு அறிவியல், தரவு அறிவியல் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, தங்கச்சி. களனி கங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் மழை கொட்டுகிறது. கொழும்பில் உள்ள நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் எப்போது, எவ்வளவு ஏறும்? ஆற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு நீர் வந்து எவ்வளவு போகிறது என்ற சமன்பாடுகளைக் கணினியில் தீர்ப்பது கணிப்பு அறிவியல். ஆற்றின் மேற்பக்கமுள்ள ஹங்வெல்லயில் மட்டம் உயர்ந்தபோதெல்லாம் பிறகு கொழும்பில் என்ன நடந்தது என்று பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்வது தரவு அறிவியல். முன்னதற்கு ஆற்றுப்படுகையின் வடிவம் தெரிய வேண்டும்; பின்னதற்கு நீண்டகாலப் பதிவுகள் வேண்டும். 2016 மே மாதத்தில் வந்தது போன்ற பெருவெள்ளங்கள் பதிவுகளில் கொஞ்சம்தான் இருக்கும். ஆகவே பதிவை மட்டும் நம்பிய எதிர்வுகூறல், மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் தடுமாறும். இரண்டையும் ஒரே பட்டத்தில் சேர்த்துக் கற்பிப்பதில் உள்ள நியாயம் இதுதான்.

கொட்டாஞ்சேனை மாணவர்: பைதன் என்ற செய்நிரல் மொழி நன்றாகத் தெரியும். கணிதம் பிடிக்காது. படிக்கலாமா?

வேண்டாம், தம்பி. பைதனைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்ளலாம். ஆளைத் தின்பவை தாயங்களும் (எண்களை நிரை நிரலாக அடுக்கிய அட்டவணைகள்) நிகழ்தகவும் வகையீட்டுச் சமன்பாடுகளும்தான். ஒரு சோதனை சொல்கிறேன்: பைதனில் 0.1 + 0.2 என்று அடித்துப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட துவித எண்முறையில் 0.1 முடிவில்லாமல் நீள்வதால், கணினி அதை ஓரிடத்தில் வெட்டி வைத்துக்கொள்கிறது. அந்தச் சிறு வழு கோடிக்கணக்கான கூட்டல்களில் எங்கே போய் நிற்கும் என்று அறிய மனம் குறுகுறுத்தால், வேண்டாம் என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

தெஹிவளைத் தாயார்: பல்கலைக்கழக அனுமதிக்கு மகனின் இசட் புள்ளி போதாது போலிருக்கிறது. எங்கே சேர்க்கலாம்?

அரச பக்கத்தில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, அதே பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியல் துறை, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல், பொறியியல் துறை ஆகியவை இருக்கின்றன. அனுமதி விதிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பாருங்கள்; ரியூசன் வகுப்பு வாசலில் கேட்டதை நம்ப வேண்டாம். காசு கட்டிப் படிப்பதானால் மாலபேயில் இலங்கைத் தகவல் தொழினுட்ப நிறுவகம் (எஸ்.எல்.ஐ.ஐ.ரி.) உட்படப் பல இடங்கள். கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டமும் உண்டு. அது தகவல் தொழினுட்பப் பட்டம்தான். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம்.

காணியை ஈடு வைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள், அம்மா. பாடத்திட்டத்தை வாங்கி, கணிதமும் புள்ளிவிபரவியலும் எத்தனை பாடங்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் வருடத்தோடு அவை நின்றுவிட்டால், 'தரவு அறிவியல்' வெறும் பெயர்ப்பலகை.

மட்டக்குளி மாணவர்: தரவைச் சுத்தம் செய்வதிலேயே காலம் போய்விடும் என்கிறார்களே?

போகும். ஆனால் அதில் ருசி இருக்கிறது. நமது அடையாள அட்டை எண்ணையே பாருங்கள். பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கங்கள். பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. இது தெரியாமல் செய்நிரல் எழுதினால், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த அனைவரின் பிறந்தநாளும் ஒரு நாள் தள்ளிப்போகும். செய்நிரல் முறைப்பாடு எதுவும் சொல்லாமல் ஓடும்.

பம்பலப்பிட்டி மாணவி: தமிழ் மூலம் படித்தவள். விலையான மடிகணினியும் வாங்க வேண்டுமா?

விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். முதல் பருவம் கடினமாக இருக்கும். கலைச்சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பிறகு பழகிவிடும். மடிகணினிக்கு 16 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். பெரிய கணிப்புகளுக்கு, இணையத்திலேயே செய்நிரலை ஓட்டும் கூகுள் கொலாப் ஓரளவுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மிச்சக் காசில் இணைய இணைப்பை ஒழுங்காக எடுங்கள்.