கேளுங்கள், சொல்கிறேன்: மெதுவாக வரும் பேய்கள்

கேள்வி: 1968இல் வந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தை மகன் வற்புறுத்தியதால் பார்த்தேன். செத்தவர்கள் ஆமை வேகத்தில் வருகிறார்கள். கொஞ்சம் எட்டி நடந்தாலே தப்பிவிடலாம். இதற்கா இத்தனை கொண்டாட்டம்?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: எட்டி நடந்திருக்கலாம்தான். ஆனால் அந்தப் பண்ணை வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் சண்டையல்லவா போடுகிறார்கள்! நிலவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வோம் என்கிறார் ஹாரி. மேலேயே இருந்து ஜன்னல்களை அடைப்போம் என்கிறான் பென். குடும்ப வீட்டைப் பாகம் வைக்க அண்ணன் தம்பிகள் உட்கார்ந்ததுபோல் பேச்சு முற்றுகிறது. வெளியே நிற்பது யார் என்பதே மறந்துபோகிறது. கடைசியில் பென் இரவைக் கடப்பது அதே நிலவறையில்தான். ஹாரி சொன்னது சரி. ஆனால் ஹாரியைப் போன்ற மனிதர் சொன்னால் யார் கேட்பார்கள்? எனக்குப் பயம் தந்த இடம் அதுதான்.

என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. பென் மேசையை உடைத்து ஜன்னலில் ஆணி அடிப்பதைப் பார்த்து, “நல்ல பலகையைப் பாழாக்குகிறான்” என்றார். அன்று இரவு அடுக்களைக் கதவின் கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

விடிந்ததும், காப்பாற்ற வந்த கூட்டமே பேய் என்று நினைத்து பென்னைச் சுட்டுவிடுகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படம் வெளியான அக்டோபருக்கு ஆறு மாதம் முன்புதான் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அன்றைய அமெரிக்கர் காதில் அந்தத் துப்பாக்கிச் சத்தம் கதையாக மட்டுமா விழுந்திருக்கும்?

கேள்வி: காசில்லாமல் எடுத்த படம் என்கிறார்களே, ரத்தத்துக்கும் சதைக்கும் என்ன செய்தார்கள்?
(வாசகி, குலசேகரம்)

பதில்: மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர்கள். ரத்தம், சாக்லேட் பாகு. சதைக்குக் கவலையே இல்லை, பணம் போட்டவர்களில் ஒருவர் இறைச்சிக் கடைக்காரர். ஹாரியாக நடித்த கார்ல் ஹார்ட்மன் தயாரிப்பாளர்களில் ஒருவர். வீடு எப்படியும் இடிக்கப்படவிருந்தது, இஷ்டத்துக்கு உடைத்தார்கள். கையில் காசு இருந்து கலரில் எடுத்திருந்தால், சாக்லேட் சாக்லேட்டாகவே தெரிந்திருக்கும்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது, புதிய தலைப்பில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்குப் பெருநஷ்டம். ஆனால் தொலைக்காட்சிக்காரரும் கேசட்காரரும் யாரிடமும் கேட்காமல் போட்டுத் தள்ளியதால்தான் படம் இத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: நம் கள்ளியங்காட்டு நீலியைவிடவா இவை பெரிய பேய்கள்?
(கல்லூரி மாணவர், திங்கள்நகர்)

பதில்: தம்பி, நீலிக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வஞ்சித்துக் கொல்லப்பட்டவள், பழி தீர்க்க வருகிறாள். அவள் தரப்பை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாட நம்மிடம் ஆள் இருக்கிறது. இசக்கியாக்கிக் கும்பிடவும் தெரியும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் போய்ப் பாருங்கள், பொங்கலிட்டுப் பிள்ளை வரம் கேட்கிறார்கள். அந்தப் படத்துப் பிணங்களுக்கு வழக்கும் இல்லை, வேண்டுதலும் இல்லை. வெள்ளிக் கோளிலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சுதான் காரணம் என்று ஒரு அதிகாரி சொல்வார், உடன் வரும் இன்னொருவர் மறுப்பார். எந்தப் படையல் வைத்தாலும் சமாதானமாகாத பேய் நம் மாவட்டத்துக்குப் புதிதுதான்.

கேள்வி: இணையத்தில் பல பிரதிகள் கிடக்கின்றன. எதைப் பார்ப்பது?
(வாசகர், கருங்கல்)

பதில்: நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் சீர்செய்து வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் பிரதி. 1986இல் சாயம் பூசிய ஒன்று உண்டு, அதில் பிணங்கள் பச்சை நிறம். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.