ஜீரோவும் ஸ்பானும்: கரியமிலவாயு, நீராவி அனலைசர் கேள்வி பதில்

கே: சார், எங்கள் லேபில் ஆளுக்கு ஒரு வரிசையில் கேலிபரேட் செய்கிறோம். எது சரி?

அளக்கும் வாயு இல்லாத காற்றை விட்டு கருவியைப் பூஜ்யம் காட்டவைப்பது ஜீரோ; அளவு தெரிந்த வாயுவை விட்டு அந்த அளவையே காட்டவைப்பது ஸ்பான். முதலில் நீராவி ஜீரோ, அடுத்து கரியமிலவாயு ஜீரோ, பிறகு கரியமிலவாயு ஸ்பான், கடைசியில் நீராவி ஸ்பான். குழாய், வடிகட்டி, செல்லின் (காற்றை அளக்கும் உள்ளறையின்) சுவர் எல்லாவற்றிலும் ஈரம் ஒட்டிக்கொள்ளும். ஈரக் காற்றை முதலில் விட்டுவிட்டால், அது காயும்வரை உங்கள் ஜீரோ பொய்தான். தவிர, கரியமிலவாயு அளவைத் திருத்த அனலைசர் தன் நீராவி அளவையே பயன்படுத்துகிறது. அது பிசகினால் இதுவும் பிசகும்.

கருவியை அரை மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே தொடங்குங்கள். பட்டனை அழுத்துமுன் திரையில் இருக்கும் அளவை எழுதி வையுங்கள். எத்தனை பேரிடம் சொன்னாலும் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. அந்த எண் இல்லாவிட்டால், போன மாதத் தரவை எவ்வளவு திருத்துவது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கே: ஜீரோவுக்கு நைட்ரஜன் சிலிண்டர் இல்லை. சோடா லைம் போதுமா?

போதும். ஆனால் காற்று முதலில் சோடா லைம் வழியாகவும், அடுத்து உலர்த்தி வழியாகவும் போக வேண்டும். கரியமிலவாயுவைப் பிடிக்கும்போது சோடா லைம் தண்ணீரை வெளிவிடும். அதோடு, அது முழுக்கக் காய்ந்துவிட்டால் சரியாக வேலை செய்யாது. மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

உலர்த்தியாக மக்னீசியம் பெர்குளோரேட் நல்லது. ஆனால் அது வலுவான ஆக்சிஜனேற்றி. காகிதம், எண்ணெய், ஆல்கஹால் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நீல நிற டிரையரைட் கையாள எளிது, ஈரமானால் இளஞ்சிவப்பாகும். ஆனால் அது கரியமிலவாயுவைக் கொஞ்சம் பிடித்து மெல்ல விடும், அதனால் அளவு நிலைக்க நேரம் எடுக்கும்.

சோதனை சுலபம்: உள்ளிழுக்கும் முனையருகே ஒருமுறை ஊதிப் பாருங்கள். மூச்சுக் காற்றில் கரியமிலவாயு சுமார் 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40,000 பங்கு) இருக்கும். திரையில் எண் அசைந்தால் சோடா லைம் தீர்ந்துவிட்டது, அல்லது எங்கோ கசிவு.

கே: நைட்ரஜனில் கலந்த 400 பிபிஎம் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். கரியமிலவாயு 4.26 மைக்ரோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் கோடுகளின் அகலம், மோதும் மூலக்கூறு எது என்பதைப் பொறுத்தது. நைட்ரஜன் மட்டும் இருந்தால் ஓர் அகலம், ஆக்சிஜனும் சேர்ந்தால் வேறு. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-இல் தொடங்கிய கரியமிலவாயு அளவீட்டுக்கே ஆரம்பத்தில் நைட்ரஜன் கலவையைத்தான் தர வாயுவாக (ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வாயுவாக) வைத்திருந்தார்கள். பிறகு அதற்காகப் பழைய அளவுகளைத் திருத்த வேண்டி வந்தது. உலர்ந்த இயற்கைக் காற்றில் கலந்ததையே கேளுங்கள். முடிந்தால் 350, 500 என்று இரண்டு வாங்குங்கள். ஒன்றால் ஸ்பான் வைத்து மற்றொன்றால் சரிபார்க்கலாம்.

சிலிண்டரை அடிவரை காலி செய்யவும் கூடாது. அழுத்தம் குறையக் குறைய, சுவரில் ஒட்டியிருந்த கரியமிலவாயு வெளிவந்து அளவு மெல்ல ஏறும். 20 பாருக்குக் கீழே போனதைத் தர வாயுவாக நம்ப வேண்டாம். புதிதாக ரெகுலேட்டர் மாட்டினால், அழுத்தம் ஏற்றித் திறந்துவிடுவதை மூன்று தடவையாவது செய்யுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட அறைக் காற்று அப்போதுதான் போகும்.

கே: சிலிண்டரை நேராக அனலைசரில் மாட்டினேன். 400 வர வேண்டிய இடத்தில் 412 காட்டுகிறது, அண்ணா.

செல்லுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், தம்பி. 1 கிலோபாஸ்கல் கூடினால் அடர்த்தி ஒரு சதவீதம் கூடும். கருவியின் அழுத்த உணரி செல்லுக்கு வெளியே இருந்தால் அதற்கு இது தெரியாது. நடுவில் ஒரு டி-இணைப்பு போடுங்கள். பம்ப் இழுப்பதைவிட நிமிடத்துக்கு அரை லிட்டர் கூடுதலாக விட்டு, மிச்சத்தை ஒரு மீட்டர் நீளக் குழாய் வழியே வெளியே விடுங்கள். குழாய் நீளமாக இருந்தால் அறைக் காற்று பின்வழியே நுழையாது. சிலிக்கோன் குழாய் வேண்டாம், அதன் சுவர் வழியே கரியமிலவாயு ஊடுருவும்.

கே: நீராவி ஸ்பானுக்குப் பனிநிலை ஜெனரேட்டரை எத்தனை டிகிரியில் வைப்பது? சென்னையில் வெளிக்காற்றின் பனிநிலையே 25 இருக்கிறதே.

பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பம்; நீங்கள் வைக்கும் பனிநிலையில் ஈரக் காற்றைத் தருவது ஜெனரேட்டர். அதை வெளிக்காற்றைப் பார்த்து வைக்காதீர்கள். குழாயின் மிகக் குளிர்ந்த இடத்தைப் பார்த்து வையுங்கள். ஏசி அறை 24 டிகிரி, ஜெனரேட்டர் 25 என்றால் குழாய்க்குள் தண்ணீர் படிந்துவிடும், அனலைசர் குறைவாகக் காட்டும், நீங்களோ ஸ்பானைத் தவறாக ஏற்றிவிடுவீர்கள். அறை வெப்பத்தைவிட 4, 5 டிகிரி கீழே வைப்பது பாதுகாப்பு. ஏசியின் குளிர்காற்று குழாய்மேல் நேராக அடிக்காமலும் பாருங்கள்.

கணக்கு இது: அந்தப் பனிநிலையில் நிறைவு ஆவியழுத்தத்தை மொத்த அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 15 டிகிரிக்கு 1.706 கிலோபாஸ்கல். கடற்கரையில் 101.3 ஆல் வகுத்தால் ஒரு மோலுக்கு 16.8 மில்லிமோல். காற்றழுத்தம் 78 மட்டுமே இருக்கும் மலை நிலையத்தில் அதே 15 டிகிரி 21.9 ஆகிவிடும். அழுத்தத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அங்கேயே அளந்து போடுங்கள்.

ஸ்பான் வாயுவை ஜெனரேட்டர் வழியாக அனுப்பி இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஜெனரேட்டரில் உள்ள தண்ணீர் கரியமிலவாயுவைக் கரைக்கும், திரும்ப வெளியேயும் விடும். தவிர, ஈரம் சேர்ந்தாலே வாயு நீர்த்துவிடும்: 20 மில்லிமோல் நீராவி சேர்ந்தால் 400 பிபிஎம் 392 ஆகும்.

கே: எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

கரியமிலவாயு இரண்டு மூன்று நிமிடத்தில் நிலைக்கும். நீராவிக்கு 20, 30 நிமிடம், மழைக்காலத்தில் இன்னும் கூட. கடிகாரத்தைவிட வரைபடத்தை நம்புங்கள். கோடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது 0.3 மில்லிமோலில் ஜீரோ அழுத்தினால், அன்றிலிருந்து எல்லா அளவும் 0.3 குறைவாகவே வரும்.

கே: கோபுரத்தில் இருக்கும் திறந்த பாதை அனலைசரை (காற்றை உள்ளிழுக்காமல் வெளியிலேயே அளப்பதை) மேலேயே கேலிபரேட் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நிழல் இருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துவிட்டே தொடங்குங்கள். அளக்கும் பாதையை மூடப் போடும் கேலிபரேஷன் உறையில் வெயில் பட்டால் உள்ளே வெப்பம் ஏறும். அந்த உறைக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைத்தான் கருவிக்குத் தர வேண்டும், வெளிக்காற்றின் வெப்பத்தை அல்ல. ஒரு டிகிரி பிசகினால் 420 பிபிஎம்மில் சுமார் 1.4 பிபிஎம் போகும்.

ஸ்பான் காரணி (அளவைத் திருத்தக் கருவி பெருக்கும் எண்) 1-ஐ விட்டு வெகுதூரம் போனால் அதைச் சேமிக்காதீர்கள். கசிவு, சிலிண்டர், அழுத்தம், கருவிக்குள் இருக்கும் சோடா லைம்-உலர்த்தி புட்டிகள் என்று இந்த வரிசையில் தேடுங்கள்.